அச்சுகளின் கணக்கும் காசுகளின் கணக்கும்: கிரேக்க வெண்கல நாணயங்களின் அடிப்பளவைக் கணிக்கும் முறை

பண்டைக் கிரேக்க நகரங்கள் எத்தனை வெண்கலக் காசுகளை அடித்தன என்று கூறும் கணக்கேடு எதுவும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பவை காசுகள் மட்டுமே. அவற்றிலும் அடிக்கப்பட்டவற்றுள் மிகச் சிறிய பங்குதான் அருங்காட்சியகங்களையும் அகழாய்வுக் கிடங்குகளையும் ஏலப் பட்டியல்களையும் வந்தடைந்திருக்கிறது. இச்சிறு பங்கைக் கொண்டு மறைந்துபோன முழுமையை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் நாணயவியலார் ஒரு முறையை அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்து வந்துள்ளனர். காசுகளை ஒப்பிட்டு அவற்றை அடித்த அச்சுகளை இனங்காண்பது, கண்ட அச்சுகளைக் கொண்டு காணாதவற்றையும் சேர்த்து மொத்த அச்சுகளைக் கணிப்பது, அம்மொத்தத்தை ஓர் அச்சு அடிக்கக்கூடிய காசுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது என்ற மூன்று படிகளால் ஆனது அம்முறை. முதற்படி உறுதியானது, இரண்டாவது எச்சரிக்கையுடன் ஏற்கத்தக்கது. மூன்றாவதோ வெள்ளிக்காசுகளுக்கே ஐயத்துக்குரியதாக இருக்க, வெண்கலத்துக்கு வரும்போது ஏறத்தாழ ஆதாரமே அற்றதாகிவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

கிரேக்க நகரங்களின் தலையாய நாணயம் வெள்ளி. ஏதென்சின் ஓபல் என்னும் சிறு வெள்ளிக்காசு ஏறத்தாழ 0.7 கிராம் எடையே உடையது. அதன் அரைப்பங்கும் கால்பங்கும் விரல் இடுக்கில் நழுவிவிடும் அளவுக்குச் சிறியவை. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு இவை போதாமற்போன நிலையில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலியிலும் தென்னித்தாலியிலும் வெண்கலம் நாணயமாக வழங்கத் தொடங்கியது. சிசிலியின் அக்ரகாஸ் பல் வடிவில் வார்த்த துண்டுகளும், கருங்கடற்கரையின் ஓல்பியா டால்பின் வடிவில் வார்த்த துண்டுகளும் அத்தொடக்க காலத்தின் விந்தைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிற்றூர் போன்ற நகரங்களும் தம் பெயரில் வெண்கலம் அடிக்கலாயின.

வெள்ளியிலிருந்து வெண்கலத்தைப் பிரிக்கும் அடிப்படை வேறுபாடு, அதன் மதிப்பு உலோகத்தில் இல்லாமல் நகரத்தின் ஆணையில் இருந்தது என்பதாகும். க்ரீட் தீவின் கோர்த்தின் நகரம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் கல்லில் வெட்டிவைத்த ஆணை ஒன்று, நகரம் வெளியிட்ட வெண்கலத்தை அனைவரும் ஏற்க வேண்டும், வெள்ளி ஓபல்களை வாங்கக்கூடாது என்றும், மீறுபவர் ஸ்டேட்டர் என்னும் வெள்ளிக்காசு ஐந்து தண்டம் கட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆணையால் பிறந்த மதிப்பு ஆணையாலேயே மடியவும் கூடும். கி.மு. 392ஐ ஒட்டி அரங்கேறிய அரிஸ்டோஃபனீசின் நகைச்சுவை நாடகம் ஒன்றில், திராட்சை விற்ற வெண்கலக் காசுகளை அக்கால வழக்கப்படி வாயில் அடக்கிக்கொண்டு மாவு வாங்கச் செல்லும் ஒருவன், இனி வெண்கலம் செல்லாது என்று முரசறைவோன் கூவுவதைக் கேட்டுத் திகைத்த கதை வருகிறது.

அடிப்பளவு பற்றிய கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுந்ததன்று. ஹெல்லஸ்பாண்ட் நீரிணைக் கரையில் இருந்த செஸ்தோஸ் நகரம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாஸ் என்ற குடிமகனைப் போற்றி வெட்டிய கல்வெட்டு, நகரம் தனக்கென வெண்கலக் காசு அடிக்க முடிவு செய்ததற்கு இரண்டு காரணங்களைக் கூறுகிறது: நகரத்தின் சின்னம் தாங்கிய காசு வழக்கில் இருக்க வேண்டும், அதனால் வரும் ஆதாயம் மக்களுக்குச் சேர வேண்டும். இவ்வாதாயம் எவ்வளவு என்பதுதான் பொருளியல் வரலாற்றாளர் அறிய விரும்புவது. சில ஆயிரம் காசுகளே அடிக்கப்பட்டிருந்தால் ஆதாயம் பெயரளவானது, நகரப் பெருமையே உண்மையான நோக்கம் என்று கொள்ளலாம்; பல லட்சம் அடிக்கப்பட்டிருந்தால் அது நகரத்தின் வருவாய்க்கு ஒரு தூண் ஆகிவிடும். கல்வெட்டு எண் எதையும் தரவில்லை. எண் தேவைப்படுகிறது, ஆனால் சான்று இல்லை என்ற இந்த இடைவெளியில்தான் அச்சாய்வு நுழைகிறது.

உருவம் உட்குழிவாகக் குடையப்பட்ட இரண்டு உலோகக் கட்டைகளுக்கு இடையே, பெரும்பாலும் சூடாக்கப்பட்ட வெற்று வில்லையை வைத்து மேலிருந்து சம்மட்டியால் அடிப்பதே பண்டைய அக்கசாலையின் தொழில்முறை. கீழே பட்டடையில் பதிக்கப்பட்டிருந்தது முன்புற அச்சு. கையில் பிடித்து அடி வாங்கியது பின்புற அச்சு. அடியை நேராகத் தாங்கியதால் பின்புற அச்சு விரைவில் பழுதாயிற்று. ஆகவே ஒரு வெளியீட்டில் பொதுவாக முன்புற அச்சுகளைவிடப் பின்புற அச்சுகள் மிகுதியாக இருக்கும், கணிப்புகளும் நிலையான முன்புற அச்சையே அலகாகக் கொள்ளும். ஒவ்வோர் அச்சும் கையால் குடையப்பட்டது என்பதால் எந்த இரண்டு அச்சுகளும் முழுதும் ஒத்திருக்க முடியாது. முன்புறம் ஒன்றாகவும் பின்புறம் வேறாகவும் அமைந்த இரு காசுகள், ஒரு முன்புற அச்சு உழைத்துக்கொண்டிருந்தபோதே பின்புற அச்சு மாற்றப்பட்டதைக் காட்டுகின்றன. இதை அச்சுத் தொடர்பு என்பர். இத்தொடர்புகளைக் கோத்துக்கொண்டே போனால் எக்காசு முன்னது, எது பின்னது என்ற வரிசை கிடைக்கிறது. அச்சில் விழுந்த கீறல் நீண்டுகொண்டே செல்வதும் அவ்வரிசைக்குத் துணை நிற்கிறது.

இப்பணி வெண்கலத்தில் எவ்வளவு கடினமானது என்பதற்கு, பொந்தஸ் நாட்டு அரசன் ஆறாம் மித்ரிதாத்தீசின் காலத்தில் அமிசோஸ் நகரப் பெயரில் வெளிவந்த வெண்கலக் காசு நல்ல எடுத்துக்காட்டு. முன்புறத்தில் ஏகிஸ் என்னும் செதில் பதித்த மார்புக்காப்பின் நடுவே கோர்கன் என்னும் பாம்புக்கூந்தல் அரக்கியின் முகம். பின்புறத்தில் தோளில் பனங்கிளை ஏந்தி நடக்கும் வெற்றித்தேவதை நைக்கி, இருபுறமும் பிரித்தெழுதிய நகரப் பெயர், அடியில் கூட்டெழுத்துக் குறிகள். புதிதாக அடித்த நிலையில் இக்காசில் செதில்களின் எண்ணிக்கையும் ஓரத்துப் பாம்புகளின் வளைவும் அச்சுக்கு அச்சு வேறுபடுவதைக் காணலாம். ஆனால் ஆய்வாளரின் மேசைக்கு வரும் காசில் கோர்கனின் மூக்கும் கன்னமும் கையுறவால் தேய்ந்து வழவழப்பாகி, செதில்களின் பள்ளங்களைப் பச்சைக் களிம்பு மூடியிருக்கும். வில்லையின் நடுவிலிருந்து விலகி அடி விழுந்திருப்பதால் ஓரத்துப் பாம்புகளில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். அத்தகைய நிலையில் ஆய்வாளர் தனித்தனி உறுப்புகளை நம்பாமல் உறுப்புகளுக்கு இடையிலான உறவையே நம்ப வேண்டியிருக்கிறது: நைக்கியின் முன்வைத்த கால் விரலுக்கு நேர் மேலே எந்த எழுத்து நிற்கிறது, பனங்கிளையின் நுனி எழுத்து வரியைத் தொடுகிறதா தாண்டுகிறதா, கூட்டெழுத்தின் சாய்வு எப்பக்கம் என்பன போன்றவையே சான்றுகள். முன்புறத்திலோ ஆரமாகச் சுழலும் செதில்களைத் தவிர இப்படிப் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. கணிப்புக்கு வேண்டிய அலகு முன்புற அச்சு. இனங்காண எளியது பின்புற அச்சு. இம்முரண் வெண்கல ஆய்வுகள் பலவற்றில் காணப்படுவது, அறிக்கைகளில் அரிதாகவே வெளிப்படையாகச் சொல்லப்படுவது.

இடர்கள் இருந்தபோதும் இம்முதற்படியின் பயன் மறுக்க முடியாதது. ஒரே வகையான ஏகிஸ்–நைக்கி காசு சினோப்பே, அமஸ்திரிஸ், கோமானா போன்ற பல நகரங்களின் பெயர்களிலும் வெளிவந்தது. இது நகரங்களின் சில்லறைத் தேவைக்காக எழுந்ததா, உரோமோடு நடந்த போர்களுக்காக அரசனின் ஏற்பாட்டில் எழுந்ததா என்ற கேள்வி நெடுநாளையது. இம்ஹூஃப்-ப்ளூமர் 1912இல் இக்காசுகளை வகுத்துக் காலம் குறித்த பின்னர், பிரான்சுவா த கலதாய் அக்காலவரிசையை மீளாய்வு செய்து திருத்தினார். இத்தகைய வாதங்களில் முடிவைத் தருவது காசுகளின் மொத்த எண்ணிக்கை அன்று. அச்சுகளின் தொடர்பும், ஒரு வகையின் மீது மறுவகை அடிக்கப்பட்ட காசுகளும், எந்நகரத்து அச்சுகள் மற்றவற்றைவிட மிகுதி என்ற ஒப்பீடுமே. இவை எண்ணிப் பார்த்தவை, ஊகித்தவை அல்ல. இன்னொருவர் அதே காசுகளை எடுத்துவைத்துச் சரிபார்க்கவும் முடியும்.

இரண்டாம் படி கணிதத்தைச் சார்ந்தது. ஆய்வுக்குக் கிடைத்த காசுகளில் தென்படாத அச்சுகளும் இருந்திருக்க வேண்டும், அவை எத்தனை? இயற்கையாளர் ஒரு காட்டில் பிடித்த வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு பிடிபடாத இனங்கள் எத்தனை என்று கணிப்பதும் இதே கேள்விதான். இரண்டு துறைகளும் உண்மையிலேயே ஒரே கணிதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐ. ஜே. குட் என்ற கணிதவியலார், ஆலன் டூரிங்கின் கருத்தொன்றை வளர்த்து 1953இல் வெளியிட்ட முறையின் சாரம் மிக எளிது: மாதிரியில் ஒரே ஒரு முறை மட்டும் தலைகாட்டியவை எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு மிகுதியாகக் காணாதவையும் இருக்கும். நாணயவியலில் ஜி. எஃப். கார்ட்டர் 1983இல் எளிய வாய்பாடுகளை வகுத்துத் தந்தார். வாரன் எஸ்டி அவற்றின் பிழை எல்லைகளைத் தெளிவாக்கியதோடு, 2006இலும் 2011இலும் வெளியிட்ட கட்டுரைகளில் மேலும் செம்மையான வாய்பாடுகளையும் அளித்தார்.

கற்பனையான ஒரு மாதிரியைக் கொண்டு இம்முறையின் வலிமையும் மெலிவும் எங்கே இருக்கின்றன என்று காணலாம். ஒரு நகரத்தின் ஒரு வகை வெண்கலத்தில் 100 காசுகள் கிடைத்துள்ளன. அவற்றில் 60 முன்புற அச்சுகள் இனங்காணப்பட்டன. அந்த 60இல் 36 அச்சுகளுக்குத் தலா ஒரு காசு மட்டுமே சான்று என்று கொள்வோம். ஒற்றைச் சான்றுள்ள 36ஐ 100ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.64 வருகிறது. அந்நகரம் அவ்வகையில் அடித்த எல்லாக் காசுகளிலும் ஏறத்தாழ 64 விழுக்காடு இந்த 60 அச்சுகளிலிருந்தே வந்தவை என்பது இதன் பொருள். இதை உள்ளடக்க வீதம் எனலாம். இந்த எண் எந்த அச்சு எவ்வளவு உழைத்தது என்ற அனுமானத்தைச் சாராதது என்பதால், மாதிரி நேர்மையாகத் திரட்டப்பட்டிருக்கும் வரை நம்பத்தக்கது.

மொத்த அச்சுகளைக் கேட்டவுடன் நிலைமை மாறுகிறது. எல்லா அச்சுகளும் சம அளவு உழைத்தன என்று கொண்டால் 60ஐ 0.64ஆல் வகுத்து ஏறத்தாழ 94 அச்சுகள் என்று விடை வரும். அச்சுகளின் உழைப்பு ஓரளவு வேறுபடும் என்று கொண்ட கார்ட்டரின் வாய்பாட்டில் இட்டால் 121 வருகிறது. பல அச்சுகள் தொடக்கத்திலேயே உடைந்துபோகச் சில மட்டும் நெடுங்காலம் உழைத்தன என்று கொள்ளும், எஸ்டி 2011இல் முன்வைத்த வாய்பாட்டில் இட்டால் 150 வருகிறது. மூன்று வாய்பாடுகளிலும் கணிதப் பிழை ஏதுமில்லை. மூன்றும் வெவ்வேறு அக்கசாலைகளைக் கற்பனை செய்கின்றன, அவ்வளவே. காசுகளின் எண்ணிக்கை அச்சுகளின் எண்ணிக்கையைப் போல மூன்று நான்கு மடங்காக இருக்கும்போது இவ்விடைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். இரு மடங்குக்கும் குறைவாக இருக்கும்போது இப்படித்தான் சிதறும். கிரேக்க வெண்கலத்தில் பெரிய வெளியீடுகள் பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே நிற்கின்றன, ஏனெனில் அச்சுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, அச்சு தெரியும் அளவுக்குத் தெளிவான காசுகளோ குறைவு.

கணிதம் கோரும் மற்றொரு நிபந்தனை, மாதிரி குருட்டாம்போக்கில் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது. வெளியான உடனே புதைக்கப்பட்ட ஒரு புதையலில் அக்கசாலையிலிருந்து ஒரே பையில் வந்த காசுகள் கிடக்கும். ஒரே அச்சின் காசுகள் பத்து சேர்ந்து வந்தால் அவை பத்து சான்றுகள் ஆகா. அருங்காட்சியகமோ எதிர்த்திசையில் கோணுகிறது: ஒரே மாதிரியான இரண்டாவது காசை வாங்காமல் வேறுபட்டதையே தேடி வாங்குவது காப்பாளரின் இயல்பு, ஆதலால் அங்கே அச்சுகளின் வகை செயற்கையாக மிகுந்துவிடுகிறது. ஏலப் பட்டியலில் அழகிய காசு மட்டுமே இடம்பெறும். தேய்ந்த வெண்கலத்துக்குப் படம் எடுக்கும் செலவுகூடத் தேறாது. இம்மூன்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கணக்கிடும் பழக்கம் இன்றும் ஒழியவில்லை. இதை முறையின் குறை என்பதைவிட முறையைக் கையாள்வோரின் குறை என்பதே நியாயம்.

மூன்றாம் படியாகிய பெருக்கல்தான் உண்மையான சிக்கல். ஓர் அச்சு எத்தனை காசுகளை அடிக்கும்? கிரேக்க உலகைப் பொறுத்தவரை இதற்கு எழுத்துச் சான்றோடு இணைத்துப் பார்க்கக்கூடிய பெயர்பெற்ற சான்று ஒன்றே. டெல்ஃபி கோயிலை நிர்வகித்த ஆம்ஃபிக்டியோனி என்ற கூட்டவை, கோயில் கருவூலத்தில் இருந்த பழைய வெள்ளியை உருக்கிக் கி.மு. 336ஐ ஒட்டிப் புதிய காசுகளாக அடித்தது. எவ்வளவு வெள்ளி மாற்றப்பட்டது என்பது பற்றிய கணக்குகள் அங்கேயே கல்லில் உள்ளன. கல்வெட்டின் தொகையையும் காசுகளில் கண்ட அச்சுகளையும் ஒப்பிட்ட பிலிப் கின்ஸ், 1983இல் ஒரு முன்புற அச்சுக்கு ஏறத்தாழ 23,000 முதல் 47,000 வரை காசுகள் என்ற எல்லையைப் பெற்றார். இதுவே இரு மடங்கு அகலமுள்ள எல்லை. டேவிட் செல்வுட் 1963இல் பண்டைய முறைப்படி அச்சு செய்து தாமே காசு அடித்துப் பார்த்த சோதனை, பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அளவை நோக்கிக் கைகாட்டியது. உரோமக் குடியரசின் வெள்ளிக்காசுகளுக்கு மைக்கேல் கிராஃபர்ட் 30,000 என்ற எண்ணைக் கையாண்டார்.

இவ்வகை எண்களைக் கொண்டு முழு நாடுகளின் செலவுகளைக் கணக்கிடும் போக்கை டி. வி. பட்ரி 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் கடுமையாகத் தாக்கினார். அச்சுகள் தேயும் வரை பயன்பட்டன என்பதற்கே சான்றில்லை, ஆகையால் பெருக்க வேண்டிய எண் என்று ஒன்று இருப்பதாகக் கொள்வதே மயக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1995இல் பதிலளித்த த கலதாய், தனித்த ஓர் அச்சின் உழைப்பு அறிய முடியாததாயினும், நூற்றுக்கணக்கான அச்சுகளை உடைய பெரிய வெளியீடுகளில் சராசரி ஒன்று உருவாகும், அதைக் கொண்டு தோராய அளவையாவது சொல்லலாம் என்று வாதிட்டார். இவ்வாதத்தில் ஒரு தரப்பு முற்றிலும் வென்றது என்று கூற முடியாது. பெரிய வெள்ளி வெளியீடுகளில் த கலதாயின் நிலைப்பாடு ஏற்கத்தக்கதே. சில லட்சமா, சில கோடியா என்ற கேள்விக்கு அவர் முறை பதில் தருகிறது, பட்ரியின் முறையோ எந்தக் கேள்விக்கும் பதில் தராமல் நின்றுவிடுகிறது. ஆனால் வாதம் முழுவதும் வெள்ளியைச் சுற்றியே நடந்தது. அதன் முடிவைச் சொல்லாமல் கொள்ளாமல் வெண்கலத்துக்கு மாற்றிக்கொண்டது பின்வந்தோரின் வேலை.

இம்மாற்றம் ஏன் செல்லாது என்பதை எகிப்தின் தாலமி மன்னர்களின் வெண்கலம் தெளிவாகக் காட்டும். இரண்டாம் தாலமி கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த நாணயச் சீர்திருத்தத்தில், முன்புறத்தில் ஸீயஸ்–அம்மோன் தலையும் பின்புறத்தில் இடிப்படையின்மேல் நிற்கும் கழுகும் கொண்ட வெண்கலக் காசுகள் பல அளவுகளில் வெளிவந்தன. மிகப் பெரியது 4 செ.மீ.க்கு மேல் விட்டமும் 90 கிராமுக்கு மேல் எடையும் உடையது. சிறியவை சில கிராம்களே. கழுகின் கால்களுக்கு இடையே ஒற்றைக் கிரேக்க எழுத்து கட்டுப்பாட்டுக் குறியாக நிற்கும். பிற்பட்ட வெளியீடுகளில் வில்லையின் நடுவில் கடைசல் வேலையின்போது விழுந்த சிறு குழி பலவற்றில் இன்றும் தெரியும். பெரியது, சிறியது என்ற இவ்விரு அளவுகளுக்கும் ஓர் அச்சுக்கு 20,000 காசுகள் என்ற ஒரே எண்ணைப் பெருக்கிப் பார்த்தால், பெரிய காசின் ஓர் அச்சு 1.8 டன் உலோகத்தை அடித்துத் தள்ளியதாகவும், இரண்டு கிராம் காசின் ஓர் அச்சு 40 கிலோவோடு ஓய்ந்ததாகவும் ஆகும். பெரிய வில்லையில் உருவம் எழும்ப அடி பலமாகவும் பல முறையும் விழ வேண்டும். அச்சின் ஆயுள் அதற்கேற்பச் சுருங்கியே இருக்கும். எவ்வளவு சுருங்கும் என்று கூற எந்தச் சான்றும் இல்லை.

அச்சின் ஆயுளை எதிர்த்திசையில், அதாவது நீட்டும் பக்கம், இழுக்கும் காரணங்களும் உண்டு. வெள்ளியில் கீறல் விழுந்த அச்சைக் களைந்துவிடும் அக்கசாலை, வெண்கலத்தில் அதை உடையும் வரை பயன்படுத்தியதை, முகத்தின் குறுக்கே தடித்த கோடு ஓடும் காசுகள் மெய்ப்பிக்கின்றன. அதே வேளையில் சிறு நகரம் ஒன்று ஒரு திருவிழாவுக்காகவோ படை வந்து தங்கியதற்காகவோ ஒரே ஒரு முறை அடித்துவிட்டு நிறுத்தியிருந்தால், அதன் அச்சு தன் ஆயுளில் பத்தில் ஒரு பங்கைக்கூட வாழ்ந்திருக்காது. ஆண்டுதோறும் மாறும் அதிகாரியின் பெயர் பொறித்த காசுகளில், அவர் பதவி முடிந்ததும் பின்புற அச்சுகள் பழுதில்லாமலேயே பயனற்றுப் போயின. இங்கெல்லாம் அச்சின் ஆயுளை முடிவு செய்தது உலோகமன்று, நிர்வாகம். உலோகச் சோதனைகளால் இதை அளக்க இயலாது.

மேற்சொன்ன கற்பனை மாதிரிக்கே திரும்பினால், 94 அச்சுகளை 10,000ஆல் பெருக்க 9.4 லட்சம் காசுகள் வரும்; 150 அச்சுகளை 30,000ஆல் பெருக்க 45 லட்சம் வரும். காசு ஒன்று 6 கிராம் என்று கொண்டால் முன்னதற்குத் தேவைப்படும் உலோகம் ஐந்தரை டன்னுக்குச் சற்று மேல். பின்னதற்கு 27 டன். இரண்டும் ஒரே நூறு காசுகளிலிருந்து, ஏற்கப்பட்ட வாய்பாடுகள் வழியே பெறப்பட்டவை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்து அட்டவணையில் இடும்போது, அது அளவீடு போலத் தோற்றம் கொள்கிறது. அடுத்து வரும் பொருளியல் வரலாற்றாளர் அத்தோற்றத்தை உண்மையென எடுத்துச் செல்கிறார்.

அடிப்பளவு சரியாகத் தெரிந்துவிட்டால்கூட வெண்கலத்தில் கேள்வி முடிவதில்லை. சிராகூஸ் நகரின் கனத்த வெண்கலம் ஒன்றில் முன்புறம் அதீனாவின் தலையும் பின்புறம் இரு டால்பின்களுக்கு நடுவே கடல் நட்சத்திரமும் இருக்கும். இக்காசைச் சிசிலியின் பிற ஊர்கள் எடுத்துத் தம் அச்சுகளால் மீண்டும் அடித்தன. ஒரே வில்லை இரண்டு நகரங்களின் கணக்கிலும் ஏறுகிறது. பழைய காசின்மேல் சிறு முத்திரை குத்தி மீண்டும் வழக்குக்கு விட்ட இடங்களில், புதிய காசு ஒன்றுகூட அடிக்காமல் நாணயப் புழக்கம் புதுப்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு எவ்வளவு என்று கணக்கிட வெளியீடு எத்தனை ஆண்டுகள் நீடித்தது என்பதும் தெரிய வேண்டும். மேற்குறித்த சிராகூஸ் காசையே சிலர் கொடுங்கோலன் தியோனீசியசின் காலத்துக்கும் சிலர் அரை நூற்றாண்டு கழித்துத் திமோலியோனின் காலத்துக்கும் உரியதாகக் கொண்டுள்ளனர். வகுக்கும் எண்ணே இவ்வளவு ஆடும்போது வகுத்து வரும் விடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சாய்வுக்கு மாற்றாகவோ துணையாகவோ நிற்பது அகழாய்வில் கிடைத்த காசுகளின் கணக்கு. வெள்ளி பெரும்பாலும் புதைத்து வைக்கப்பட்டது. வெண்கலமோ தவறி விழுந்து மண்ணுள் போனது. ஏதென்சின் அகோரா எனப்படும் சந்தை வெளியில் 1931 முதல் நடந்துவரும் அமெரிக்க அகழாய்வில் கிடைத்த கிரேக்கக் காசுகளை ஜான் க்ரோல் 1993இல் பெருநூலாக்கினார். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட அக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை வெண்கலம். அவற்றில் எலியூசிஸ் திருவிழாவோடு தொடர்புடைய, பாம்புத் தேரில் அமர்ந்த த்ரிப்டோலெமோசும் பன்றியும் பொறித்த காசுகள் போன்றவை, எந்த அச்சுக் கணக்கும் காட்டாத ஒன்றைக் காட்டுகின்றன: எந்தக் காசு சந்தையில் உண்மையில் கைமாறியது என்பதை. இழப்பின் அளவும் அடிப்பின் அளவும் ஒன்றல்ல. சிறிய காசு எளிதில் தொலையும், தேடப்படாது. பெரிய காசு தேடி எடுக்கப்படும், பின்னர் உருக்கப்படும். ஆயினும் கிடைத்த இடமும் மண்ணடுக்கும் குறிக்கப்பட்டிருப்பதால் இச்சான்றின் கோணல் எந்தப் பக்கம் என்பதாவது தெரிகிறது.

இடம் குறிக்கப்படாத காசின் வறுமையைத் தமிழகமும் அறியும். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த கிரேக்க உலகின் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் நூலாக வெளியிட்டுப் பெருந்தொண்டு செய்தார். ஆனால் ஆற்று மணலில் மண்ணடுக்கு இல்லை என்பதால், அக்காசுகள் எப்போது, எத்தனை, யார் கையில் வந்து சேர்ந்தன என்று அவற்றைக் கொண்டு மட்டும் கூற இயலாது. அவை வணிகத் தொடர்புக்குச் சான்றுகள், வணிகத்தின் அளவுக்குச் சான்றுகள் அல்ல.

ஆக, முறையைத் தூக்கி எறியச் சொல்வது பிழை. அமிசோஸ் சினோப்பேயைவிட எத்தனை மடங்கு அச்சுகளைப் பயன்படுத்தியது, தாலமியின் பெருங்காசு எந்தக் கட்டுப்பாட்டு எழுத்தின்போது மிகுந்தது என்பன போன்ற ஒப்பீட்டுக் கேள்விகளுக்கு, ஒரே அளவும் ஒரே காலமும் உடைய காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வரை, அச்சாய்வைவிடச் சிறந்த கருவி இல்லை. அக்கேள்விகளில் பெருக்கும் எண் இரு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. தனித்து நிற்கும் மொத்த எண்ணை அது தர முற்படும்போதுதான் தன் எல்லையைக் கடக்கிறது. வெண்கல அச்சாய்வை வெளியிடுவோர் பார்த்த காசுகளின் எண்ணிக்கை, கண்ட முன்புற, பின்புற அச்சுகள், ஒற்றைச் சான்றுள்ள அச்சுகள், உள்ளடக்க வீதம், காசுகள் புதையலிலிருந்து வந்தவையா அகழாய்விலிருந்தா ஏலத்திலிருந்தா என்ற பிரிவு ஆகியவற்றைத் தவறாமல் தர வேண்டும். மொத்த அச்சுகளை ஒற்றை எண்ணாக அன்றி எல்லைகளோடு தர வேண்டும். அடிக்கப்பட்ட காசுகள் என்ற நெடுவரிசையை, ஒரு வெண்கல வெளியீட்டின் அளவைச் சொல்லும் கல்வெட்டு கிடைக்கும் வரை, வெற்றாகவே விட்டுவைக்க வேண்டும்.